280 ரேண்டுக்கு ஒரு ரயில் புதிர்ப் பெட்டி: வாங்கலாமா?

போன மாதம் டர்பனில் ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் தென்னாப்பிரிக்க ரயில் வரலாற்றுப் புதிர்ச் சீட்டுப் பெட்டி ஒன்று வாங்கினேன். யார் போட்டது என்று இங்கே சொல்லப்போவதில்லை, வீட்டிலிருந்தே செய்து விற்கிறார்கள் போல. மொத்தம் 120 சீட்டு, முன்னால் கேள்வி, பின்னால் விடை. பெட்டியின் மூலை இரண்டாம் நாளே கிழிந்துவிட்டது, இப்போது ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருக்கிறேன்.

கேள்விகள் நன்றாகவே இருக்கின்றன, அதை முதலில் சொல்லிவிட வேண்டும். எனக்குப் பிடித்தது இது: “குக்குக் என்று சத்தம் போடாத நீராவி எஞ்சின் எது?” டர்பனின் புறநகரான சாட்ஸ்வொர்த்தில் மாமா வீட்டில், பிரியாணி முடிந்து எல்லோரும் சாய்ந்திருந்த நேரத்தில் இதைக் கேட்டேன். ரயில்வேயில் முப்பது வருஷம் ஷன்டிங், அதாவது பெட்டிகளைக் கோத்துப் பிரிக்கும் வேலை, பார்த்தவர் மாமா, கண்ணைத் திறக்காமலே “கிளாஸ் 25 டா” என்றார். தென்னாப்பிரிக்காவின் உள்நாட்டுப் பகுதியான கரூ வறண்ட பூமி, எஞ்சினுக்குத் தண்ணீர் கொடுத்துக் கட்டுப்படியாகாது. அதனால் 1950களில் வந்த இந்த 90 எஞ்சின்களில் வெளியேறும் நீராவியைப் புகைபோக்கி வழியே விடாமல், பின்னாலிருக்கும் நீளமான டெண்டருக்கு (நிலக்கரியும் தண்ணீரும் வைக்கும் வண்டி) கொண்டுபோய்க் குளிர்வித்து மறுபடி தண்ணீராக்கினார்கள். 90 சதவீதம் வரை தண்ணீர் மிச்சம். ஆனால் புகைபோக்கியில் நீராவி போனால்தானே நெருப்புக்குக் காற்று இழுக்கும்? அதற்குப் பதில் ஒரு விசிறி வைத்தார்கள், அதனால்தான் குக்குக் போய் ஒரே ஊளைச் சத்தம். சீட்டில் விடை ஒற்றை வரிதான், மீதியெல்லாம் மாமா சொன்னது.

இன்னொன்று எல்லோரையும் கவிழ்த்தது. நாட்டின் முதல் ரயில் என்ன கேஜ், அதாவது இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே எவ்வளவு அகலம்? எல்லோரும் 1067 மில்லிமீட்டர் என்றார்கள், தப்பு. 1860 ஜூன் 26 அன்று டர்பனிலிருந்து துறைமுகப் பகுதியான பாயின்ட் வரை ஓடிய அந்த ரயில் 1435. பிறகு மலைப்பாதைக்குக் குறுகலான கேப் கேஜ்தான் (அந்த 1067) மலிவு என்று மாற்றிக்கொண்டார்கள். 2010இல் ஜோஹன்னஸ்பர்க் பக்கம் கௌட்ரெயின் என்ற வேக ரயில் வந்தபோது மறுபடி 1435. இந்த மாதிரிச் சீட்டுக்காகவே காசு கொடுக்கலாம்.

சரி, குறைகள். டர்பனின் பழைய ஸ்டேஷன் கூரையை டொரொன்டோவுக்கு வரைந்த படத்தைப் பார்த்துத் தவறுதலாகக் கட்டிவிட்டார்கள், அதனால்தான் அது பனிப்பாரத்தைத் தாங்கும் பலத்தோடு இருக்கிறது என்ற ஊர்க்கதையை நடந்த வரலாறு போலவே அச்சடித்திருக்கிறார்கள். கதை என்று ஒரு வார்த்தை போட்டிருந்தால் என்ன குறைந்துவிடும்? அப்புறம் ஒரு காரட் (Garratt, நடுவில் கொதிகலன், இரு முனையிலும் சக்கரத் தொகுதி உள்ள வகை) நீராவி எஞ்சின் படம் இடவலம் மாறி அச்சாகியிருக்கிறது. நம்பர் பிளேட் கண்ணாடியில் பார்த்ததுபோல் இருப்பதை மாமாதான் கண்ணாடியைக் கழற்றிவிட்டு உற்றுப் பார்த்துச் சொன்னார். எழுத்தும் பொடி எழுத்து.

எனக்கு உறுத்துவது வேறு. 120 சீட்டில் இந்தியர் பேச்சு ஒரே ஒரு சீட்டில்தான் வருகிறது, அதுவும் காந்தி, பீட்டர்மாரிட்ஸ்பர்க், 1893. நல்ல கேள்விதான்: பிரிட்டோரியா போகிறவர் ஏன் சார்ல்ஸ்டவுனில் இறங்கிக் குதிரை வண்டி ஏறினார்? ஏனென்றால் ஜோஹன்னஸ்பர்க் வரை தண்டவாளம் இன்னும் வந்து சேரவில்லை, டர்பன் இருக்கும் நேட்டாலின் பாதை, ஜோஹன்னஸ்பர்க் இருக்கும் டிரான்ஸ்வாலோடு இணைந்தது 1895இல். ஆனால் நேட்டால் அரசு ரயில்வேயில் ஒப்பந்தக் கூலிகளாக வேலை பார்த்த நம்மவர்கள் எங்கே? அவர்கள் குடியிருந்த டர்பன் ரயில்வே பாரக்ஸ் எங்கே? அங்கே பிறந்த என் தாத்தாவிடம் இந்தப் பெட்டியைக் காட்டியிருந்தால் சிரித்திருப்பார்.

ரயில் பைத்தியங்கள் தாராளமாக வாங்கலாம். குழந்தைகளுக்கு மட்டும் என்றால் 280 அதிகம், 150 கொடுக்கலாம்.

பெட்டியில் நாலு வெற்றுச் சீட்டு இருக்கிறது, நீங்களே கேள்வி எழுதிக்கொள்ள. மாமா ஒன்றை எடுத்து எழுதினார்: “முதல் ரயில் ஓடி எத்தனை நாள் கழித்து டிரூரோ கப்பல் மெட்ராஸிலிருந்து நம் ஆட்களைக் கொண்டுவந்து டர்பனில் சேர்த்தது?” கப்பல் வந்தது 1860 நவம்பர் 16. விடை 143. தம்பி மகள் காலண்டரில் விரல் வைத்து எண்ணி 142 என்கிறாள், இன்னும் சண்டை தீரவில்லை.