ஏழாம் வகுப்புக்கு எல்லாப் பாடமும் ஒரே செயலியில்: நான்கு மாதம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததில்

பையன் ஏழாம் வகுப்புக்குப் போனதும் கணக்கு, அறிவியல், சமூக அறிவியல், மொழி நான்கும் ஒரே சந்தாவில் வரும் ஒரு செயலியைப் போட்டுக்கொடுத்தேன். பெயரைச் சொல்லவில்லை. குறை நிறையச் சொல்லப்போகிறேன், தவிர இந்த ரகச் செயலி எதை வாங்குபவர்களுக்கும் பாதியாவது பொருந்தும். நான் கணக்கு எழுதிப் பிழைப்பவன். ஐந்தொகை ஒத்துவராவிட்டால் தூக்கம் வராது. அந்தப் புத்தியில்தான் தினமும் ராத்திரி அரை மணி நேரம் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

கணக்குப் பகுதிக்கு முழு மார்க் கொடுக்கலாம். முழுக்கள் பாடத்தில் பையன் ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டிருந்தான். "மைனஸும் மைனஸும் பிளஸ்" என்று யாரோ சொல்லிக்கொடுத்ததைக் கூட்டலுக்கும் போட்டு, (−3) + (−2) = 5 என்று எழுதிக்கொண்டிருந்தான். செயலி சிவப்புப் பெருக்கல் குறி போட்டு ஓடிவிடவில்லை. எண்கோட்டைக் காட்டி, −3இல் ஒரு புள்ளியை வைத்து, "இன்னும் இரண்டு படி எந்தப் பக்கம்?" என்று கேட்டது. இடப்பக்கம் இழுத்தான், −5. அவனே "ஐயோ" என்றான். பெருக்கலுக்கு வேறு வழி. 2 × (−3) = −6, 1 × (−3) = −3, 0 × (−3) = 0 என்று வரிவரியாக எழுதிக் காட்டிவிட்டு, அடுத்த வரியில் (−1) × (−3) என்று நிறுத்தியது. ஒவ்வொரு வரிக்கும் மூன்று ஏறுவதைப் பார்த்துவிட்டு 3 என்று போட்டான். எனக்கு இது விதி என்று மட்டும்தான் சொல்லப்பட்டது. இத்தனை வருஷம் கழித்து இப்போதுதான் காரணம் தெரிந்தது.

சரி, மற்றதுக்கு வருவோம்.

சமூக அறிவியலில் வரைபட அளவை என்று ஒரு பாடம். அளவை 1:50,000, இரண்டு ஊர்களுக்கு நடுவே வரைபடத்தில் 4 செ.மீ. என்றால் உண்மைத் தூரம் எவ்வளவு? பையன் 200 கி.மீ. என்று போட்டான். நாலை ஐம்பதாயிரத்தால் பெருக்கியதெல்லாம் சரி. வந்த 2,00,000 செ.மீ.யை மீட்டர் என்று நினைத்து ஆயிரத்தால் வகுத்துவிட்டான். "தவறு. விடை: 2 கி.மீ." அவ்வளவுதான், அடுத்த கேள்விக்குப் போய்விட்டது. எண்கோட்டுக்கு அத்தனை பொறுமை காட்டிய அதே செயலி!

"போன மாசம் விகிதத்துல எல்லாம் சரியாப் போட்டியேடா?" என்றேன்.

"அது கணக்குப்பா. இது சமூக அறிவியல்."

இந்தப் பதில் என்னை ரொம்ப நாள் அரித்தது. அந்த மாதமே அறிவியலில் அடர்த்தி நடந்துகொண்டிருந்தது. 10 கன செ.மீ. அலுமினியத் துண்டு 27 கிராம் என்றால் ஒரு கன செ.மீ.க்கு 2.7 கிராம். கணக்கில் 2 மணி நேரத்தில் 90 கி.மீ. போன வண்டி மணிக்கு 45 கி.மீ. வரைபடத்தில் ஒரு செ.மீ.க்கு அரை கி.மீ. மூன்றும் "ஒன்றுக்கு எவ்வளவு" என்ற ஒரே கேள்விதான். பையனுக்கோ மூன்று தனித்தனிச் சூத்திரம், மூன்று தனித்தனிப் பயம். பள்ளியில் நான்கு ஆசிரியர்கள் ஒரு அறையில் உட்கார்ந்து பேசிக்கொள்ள நேரம் இருக்காது, அது புரிகிறது. ஆனால் இங்கே நான்கு பாடமும் ஒருவர் கையில். நான்கு பேரேடு இருந்தும் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஒரு பதிவுகூடப் போகவில்லை. திரையில் நான்கு நிறத்தில் நான்கு பெட்டி, அதோடு சரி.

அறிவியலில் இதைவிட மோசம் ஒன்று. பருவகாலப் பாடத்தில் பூமியின் பாதையை முட்டை மாதிரி நீட்டி வரைந்திருக்கிறார்கள், சூரியன் ஒரு ஓரத்தில். கீழே அச்சுச் சாய்வு 23.5 டிகிரி என்று சரியாகவே எழுதியிருக்கிறது. ஆனால் பிள்ளைகள் படத்தைத்தான் பார்ப்பார்கள். "கிட்ட வரும்போது கோடை" என்று பையன் முடிவு கட்டிவிட்டான். உண்மையில் அந்தப் பாதை கிட்டத்தட்ட வட்டம். மிக அருகில் 14.7 கோடி கி.மீ., மிகத் தொலைவில் 15.2 கோடி. அருகில் வருவதும் ஜனவரி தொடக்கத்தில். தூரம்தான் காரணம் என்றால் உலகம் முழுக்க ஜனவரியில் கோடை வந்திருக்க வேண்டும். காரணம் அந்தச் சாய்வுதான்: வெயில் நேராக விழும் பக்கம் கோடை, சரிந்து விழும் பக்கம் குளிர்.

செயலியை மூடிவிட்டு, கட்டம் போட்ட கணக்கு நோட்டையும் ஒரு டார்ச்சையும் எடுத்தேன். நோட்டை விளக்குக்கு நேராகப் பிடித்தால் வெளிச்சம் வட்டமாக விழுந்தது. எண்ணினான், 40 கட்டம். நோட்டைச் சாய்த்தோம். வட்டம் நீண்டு மங்கியது, 60ஐத் தாண்டிவிட்டது. "வெளிச்சம் அதேதான், கட்டம் ஜாஸ்தியாயிடுச்சு, அப்ப ஒரு கட்டத்துக்குக் கம்மி" என்றான். கொஞ்ச நேரம் நோட்டையே ஆட்டிக்கொண்டிருந்துவிட்டு, "அப்பா, இதுவும் விகிதமா?" என்றான். அந்த ராத்திரிக்கு அது போதும் என்று விட்டுவிட்டேன்.

கண்ட நகர்வுப் பாடத்தை வீணடித்திருக்கிறார்கள். ஆல்ஃபிரட் வெகெனர் வானிலை ஆய்வாளர். 1912இல் கண்டங்கள் நகர்கின்றன என்று சொன்னார். நகர்த்தும் விசை எது என்று அவரால் நிறுவ முடியவில்லை, நிலவியலாளர்கள் பெரும்பாலும் ஒதுக்கினார்கள், 1930இல் கிரீன்லாந்துப் பனியில் இறந்தார். கடல் தரையை ஆராய்ந்து 1960களில்தான் கருத்து மாறியது. பன்னிரண்டு வயதுப் பையனுக்கு இதைவிட என்ன வேண்டும்? செயலியில் இருப்பது, "கண்ட நகர்வுக் கொள்கையைக் கூறியவர் யார்?", நான்கு விருப்ப விடைகள். வரலாற்றுப் பாடமும் இப்படித்தான், வருஷத்தையும் பெயரையும் பொருத்துவது.

மொழிப் பாடத்தில் கட்டுரையை இயந்திரமே திருத்துகிறது. "நான் விரும்பும் விளையாட்டு" என்று பையன் ஒரு பத்தி எழுதினான், பத்துக்கு ஆறு. அதே பத்தியை நகலெடுத்துக் கீழே ஒட்டினான். பத்துக்கு எட்டு, "கருத்துகள் விரிவாக உள்ளன" என்ற பாராட்டோடு. மூன்றாவது முறை ஒட்டப் போனவனை நான்தான் நிறுத்தினேன். இதற்கு மேல் அந்தப் பகுதியைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

அப்புறம் அந்த நாணயங்கள். ஐந்து விடை சரி என்றால் திரையில் நாணய மழை, சத்தத்தோடு. அமைப்புகளில் போய் அணைக்கலாம். தேடிக் கண்டுபிடிக்க எனக்கே இரண்டு நாள் ஆனது.

சந்தா அடுத்த மாதம் முடிகிறது. கணக்கு மட்டும் தனியாகக் கிடைக்குமா என்று கேட்டு எழுதியிருக்கிறேன், கிடைத்தால் வாங்குவேன். பருவகாலப் படத்தைப் பற்றியும் எழுதினேன். "பாடக்குழுவுக்கு அனுப்பியுள்ளோம்" என்று பதில் வந்து மூன்று வாரம் ஆகிறது. நேற்றுப் பார்த்தேன், முட்டை அப்படியேதான் இருக்கிறது.