ஷோகேஸா, கல்லூரி கேம்ப்பா, ஏஜென்சியா?

மகன் பத்தாம் வகுப்பில் பேஸ்பாலில் ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவே நிற்பவன்) ஆடிக்கொண்டிருந்தபோது வீட்டுக்கு ஒரு கடிதம் வந்தது. பெரிய பல்கலைக்கழகம் ஒன்றின் பேஸ்பால் சின்னம், தலைமைக் கோச்சின் கையெழுத்து, ‘எங்கள் கேம்ப்பில் உன்னைப் பார்க்க ஆவலாக இருக்கிறோம்’ என்று ஒரு வரி. அதை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்தான். அடுத்த வாரம் விசாரித்தால் அவன் டீமில் பாதிப் பேருக்கு அதே கடிதம் வந்திருந்தது.

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ.யின் விதிப்படி, அதன் மூன்று டிவிஷன்களில் உச்சமான முதல் டிவிஷனின் பேஸ்பால் கோச் யாரும் 11-ஆம் வகுப்பு தொடங்குவதற்கு முன் வரும் ஆகஸ்ட் 1 வரை மாணவனுக்குத் தனிப்பட எழுதவோ பேசவோ கூடாது. கேம்ப் விளம்பரம் அனுப்பலாம். அந்த கேம்ப்பும் வயது, வகுப்பு வரம்புக்குள் பணம் கட்டுகிற எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும். ஆக, அந்தக் கடிதம் அழைப்பு இல்லை, நோட்டீஸ். இது தெரியாமல் இங்கே நியூஜெர்சியில் எத்தனை குடும்பங்கள் பணத்தை இறைக்கின்றன என்று பார்த்து மனசு ஆறவில்லை. கல்லூரி டீமில் இடம் பிடிக்க நாங்களும் எல்லா வழியிலும் போய்ப் பார்த்துவிட்டோம். அதனால் எழுதுகிறேன்.

ஷோகேஸ் என்பது பையன்கள் கோச்சுகளுக்குத் திறமையைக் காட்டும் ஒரு நாள் சந்தை. 60 கஜ ஓட்டம், ராடார் கன்னில் எறியும் வேகம், பேட்டில் பட்டுப் பந்து கிளம்பும் வேகம், கேட்சர் என்றால் பந்தை வாங்கி இரண்டாம் பேஸுக்கு அனுப்ப ஆகும் நேரம் என்று எல்லாவற்றையும் அளந்து, பையன் பெயரில் இணையத்தில் ஏற்றிவிடுவார்கள். முதல் ஷோகேஸில் என் மகனுக்குக் கிடைத்தது ஆறு கிரவுண்ட் பால் (தரையோடு வரும் பந்து), பத்துப் பன்னிரண்டு ஸ்விங். திடுதிடுவென்று மூன்று அங்குலம் வளர்ந்து முட்டிவலியோடு இருந்த நேரம் அது, 60 கஜத்தை 7.3 வினாடியில் ஓடினான். எட்டு மாதம் கழித்து 6.9-இல் ஓடினான். இடையில் அவன் பெயரைத் தேடிய எந்தக் கோச்சும் பார்த்திருக்கக்கூடியது அந்த 7.3-ஐத்தான். எண் தயாராகும் முன் பையனை அளக்கக் கொண்டுபோய் நிறுத்தியது என் அவசரம்.

ஷோகேஸே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. மார்ச் மாதத்திலும் பனி விழும் எங்கள் பக்கத்துப் பையன்களுக்கு, டெக்சஸ், ஃப்ளோரிடா பையன்கள் ஆடுகிற அளவுக்கு ஆட்டங்கள் கிடைப்பதில்லை. கண்ணில் பட வேறு இடம் கம்மி. மணிக்கு 90 மைல் வேகத்தில் பந்து எறியும் பிட்ச்சருக்கு ஷோகேஸ் மாதிரி விரைவான வழி கிடையாது. ஒவ்வோர் அக்டோபரிலும் ஃப்ளோரிடாவின் ஜூபிட்டரில் பர்ஃபெக்ட் கேம் என்னும் ஷோகேஸ் நிறுவனம் நடத்தும் போட்டியில் கோச்சுகளும், தொழில்முறை அணிகளுக்கு ஆள் தேடும் ஸ்கவுட்டுகளும் கோல்ஃப் வண்டியில் மைதானம் மைதானமாகச் சுற்றுவார்கள். ஆனால் பிட்ச்சரின் பெற்றோர் ஒன்றை மறக்கக் கூடாது. தொழில்முறை பேஸ்பால் லீக்கான எம்.எல்.பி.யும் யு.எஸ்.ஏ. பேஸ்பால் அமைப்பும் சேர்ந்து வகுத்த ‘பிட்ச் ஸ்மார்ட்’ வழிகாட்டுதல்களில், 15, 16 வயதுக்காரருக்கு ஒரு நாளில் 95 பந்துதான் உச்சம். பிட்ச்சர்களின் காயங்களைப் பற்றி எம்.எல்.பி. 2024 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கையும், வேகத்தைத் துரத்துவதை முதன்மைக் காரணங்களில் ஒன்றாகச் சொன்னது. ராடாருக்காக ஓய்வு மாதத்தில் கையை வீசவைப்பதை நான் ஒருபோதும் ஏற்க மாட்டேன்.

கல்லூரிகளே நடத்தும் கேம்ப் வேறு ரகம். மகன் போன இரண்டாவது கேம்ப் ஒரு சின்ன மூன்றாம் டிவிஷன் கல்லூரியில். வந்தவர்கள் நாற்பது பேர் இருக்கலாம். உதவிக் கோச் ஒருவர் இருபது நிமிடம் விடாமல் கிரவுண்ட் பால் அடித்தார். ஒன்று காலுக்கிடையில் போய்விட்டது. மகன் கிளவுஸைப் பார்க்காமல், தொப்பியைச் சரிசெய்துகொண்டு, ‘இன்னொன்று’ என்று கை காட்டினான். கோச் சட்டைப்பையிலிருந்து அட்டையை எடுத்து ஏதோ குறித்துக்கொண்டதை வேலிக்கு வெளியிலிருந்து பார்த்தேன். அந்தக் கையசைப்பை எந்த ராடாரும் அளக்காது. இரண்டு நாளில் அவரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது: 11-ஆம் வகுப்பு மதிப்பெண் பட்டியலை அனுப்பு என்று.

ஆனால் எல்லா கேம்ப்புக்கும் கிளம்பிவிடக் கூடாது. முன்பே எழுதிப் பதில் வாங்கிய கல்லூரிக்கு மட்டும் போக வேண்டும். ‘உங்கள் டீம் ரோஸ்டரில் என் வருடத்துக்கு ஷார்ட்ஸ்டாப் இடம் இருக்கிறதா?’ என்று கேட்டு, நேர் பதில் வராவிட்டால் அந்தப் பணத்தை மிச்சம் பிடிக்கலாம்.

பையனைக் கல்லூரிகளுக்கு அறிமுகப்படுத்துவதாகச் சொல்லும் ஏஜென்சி விஷயத்தில் எனக்கு இரண்டாம் எண்ணமே இல்லை. ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டு, பையன் தானே எழுதக்கூடிய மின்னஞ்சலை நூறு கல்லூரிக்கு ஒரே அச்சில் அனுப்புகிறார்கள். ‘ஸ்காலர்ஷிப் கிடைத்தால் அதில் இத்தனை சதவீதம்’ என்று யாராவது பேசினால் உடனே எழுந்து வந்துவிடுங்கள். என்.சி.ஏ.ஏ. அதை அனுமதிப்பதில்லை, பையனின் ஆடும் தகுதியே போய்விடும்.

இதற்கெல்லாம் முன்னால், எந்தப் படிக்கு முயல்கிறோம் என்பது தெளிவாக வேண்டும். முதல் டிவிஷனில் வெகுகாலம் ஒரு டீமுக்கு 11.7 முழு ஸ்காலர்ஷிப்புக்குச் சமமான பணம்தான், அதை 27 பேர்வரை பிய்த்துப் பிரித்துக் கொடுத்தார்கள். விளையாட்டு வீரர்கள் என்.சி.ஏ.ஏ. மேல் தொடுத்த வழக்கில் 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டுக்குப் பிறகு, அதில் சேர்ந்த கல்லூரிகளுக்கு ஸ்காலர்ஷிப் உச்சவரம்பு போய், ரோஸ்டர் 34 பேருக்குள் சுருங்கிவிட்டது. அந்த 34-இலும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வழியாக வேறு கல்லூரியிலிருந்து மாறி வரும் 21, 22 வயதுக்காரர்களோடு 18 வயதுப் பையன் மோத வேண்டியிருக்கிறது. கோச்சின் வேலையே வெற்றியைப் பொறுத்தது என்னும்போது, வளர்ந்த உடம்பைத்தான் அவர் எடுப்பார்.

அதனால் இரண்டு வருட ஜூனியர் காலேஜைத் தாழ்வாக நினைக்கும் நம்மவர்கள் மேல் எனக்கு வருத்தம் உண்டு. கட்டணம் குறைவு, முதல் வருடமே களத்தில் இறங்கலாம். நான்கு வருடக் கல்லூரியில் சேர்ந்தவன் எம்.எல்.பி. டிராஃப்ட்டுக்கு (தொழில்முறை அணிகள் சுற்றுச் சுற்றாக ஆள் எடுக்கும் தேர்வுக்கு) மூன்றாம் வருடம் முடியும்வரை அல்லது 21 வயதுவரை காத்திருக்க வேண்டும். ஜூனியர் காலேஜ் பையனுக்கு அந்தக் கட்டு இல்லை. எம்.எல்.பி. நட்சத்திரம் பிரைஸ் ஹார்ப்பர் சதர்ன் நெவாடா காலேஜில் ஒரு சீசன் ஆடிவிட்டுத்தான் 2010 டிராஃப்ட்டில் முதல் ஆளாகப் போனார். இன்னொரு நட்சத்திரம் ஆல்பர்ட் பூஹோல்ஸும் ஜூனியர் காலேஜ்காரர்தான். 1999-இல் 13-ஆவது சுற்றுவரை அவரை யாரும் எடுக்கவில்லை.

மூன்றாம் டிவிஷனில் விளையாட்டு ஸ்காலர்ஷிப் கிடையாது. படிப்புக்கும் குடும்ப வருமானத்துக்கும் ஏற்ற உதவி உண்டு. நல்ல மதிப்பெண் உள்ள பையனுக்கு முதல் டிவிஷனின் கால் பங்கு ஸ்காலர்ஷிப்பைவிட இதில் கட்டணம் குறைந்துபோகிற கணக்கை நானே எங்கள் மேசையில் போட்டுப் பார்த்தேன்.

இந்தக் கோடைக்கு எங்கள் முடிவு: பதிவுசெய்திருந்த ஷோகேஸை ரத்து செய்துவிட்டோம். பதில் வந்த இரண்டு கல்லூரிகளின் கேம்ப், அவ்வளவுதான். மின்னஞ்சலை மகனே எழுதுகிறான். பெற்றோர் எழுதியதைக் கோச்சுகள் முதல் வரியிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். தலைப்பில் பெயர், பள்ளி முடிக்கும் வருடம், ஆடும் இடம். உள்ளே உயரம், எடை, ஜி.பி.ஏ. (மதிப்பெண் சராசரி), பள்ளிக் கோச்சின் தொலைபேசி எண், பாட்டுக் கீட்டு சேர்க்காத இரண்டு நிமிட வீடியோ. முதல் பேஸ் பக்கத்து வேலிக்குப் பின்னால் ஸ்டாண்டில் ஃபோனை மாட்டி, போன சனிக்கிழமை காலையில் எடுத்தோம். தவறவிட்ட ஒரு பந்தையும் அடுத்த பந்துக்கு அவன் தயாரானதையும் வெட்டாமல் வைத்திருக்கிறான்.