கறுப்பனுக்கு ஐஸ் பாக்கெட்டா, அக்கா சமையலா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் என் நாய் கறுப்பனுக்குச் சமைத்த சாப்பாடு வாங்க எனக்கு இரண்டு வழி. கோலாலம்பூரிலிருந்து உறைய வைத்து வரும் பாக்கெட் ஒன்று. எங்கள் தாமானிலேயே (குடியிருப்பிலேயே) ஓர் அக்கா காலையில் வேகவைத்து மோட்டாரில் கொண்டுவருவது இன்னொன்று.

அக்காவின் சாப்பாடு என்றால் கறுப்பன் தட்டு தேய நக்குவான். கோழி, ஈரல், பூசணி, சோறு, விலையும் பாதி. சுண்ணாம்புச் சத்துக்கு, அதாவது கால்சியத்துக்கு, என்ன போடுகிறீர்கள் என்று கேட்டேன். "கோழியிலேயே இருக்குமே தம்பி" என்றார். இல்லையே! எலும்பில்லாத இறைச்சியில் பாஸ்பரஸ்தான் அதிகம். நாய்க்குக் கால்சியம் அதற்குச் சமமாகவோ சற்றுக் கூடவோ வேண்டும். வெந்த எலும்பையும் போட முடியாது, சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும். நல்லவேளை, அவர் வெங்காயம் சேர்ப்பதில்லை. அது நாயின் சிவப்பணுக்களை அழிக்கும்.

பாக்கெட்டில் முழுமையான, சமச்சீர் உணவு என்றும் எந்த வயது நாய்க்கு என்றும் அச்சிட்டிருக்கிறது. தொல்லை அது வந்து சேரும் வழியில்தான். ஒருமுறை வெயிலில் முழுக்க உருகி, சூடாகவே வந்தது; தூக்கிப் போட்டேன். அப்புறம் ஃபிரீசரில் அம்மாவின் மீனோடு தினம் இடச்சண்டை.

சரி என்று பாக்கெட்டுக்கே மாறினேன், ஒரு வாரம் அக்கா சாப்பாட்டோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து. ஞாயிற்றுக்கிழமை மட்டும் அக்கா சமையல்.