பழைய 24 மி.மீ. லென்ஸ் வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

உள்ளே ஆடி இல்லாத மிரர்லெஸ் டிஜிட்டல் கேமராவுக்கு, கையால் ஃபோகஸ் செய்யும் பழைய மேனுவல் லென்ஸ், அதிலும் பரந்த காட்சியைப் பிடிக்கும் அகலக்கோண லென்ஸ் தேடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பூஞ்சை துடைப்பதற்காகப் பிரித்து, திரும்ப ஒழுங்காகப் பூட்டாத ஒரு லென்ஸை ‘யாரும் கை வைக்காதது’ என்று சொல்லி, லென்ஸைக் கேமராவோடு இணைக்கும் கோணலான அடாப்டர் வளையம் ஒன்றையும் சேர்த்து என் தலையில் கட்டிவிட்டார் ஒரு விற்பனையாளர். லென்ஸுக்கு 14,000 ரூபாய், அடாப்டருக்கு 1,500. பணம் போனதைவிட என்னைக் கொதிக்கவைப்பது, குறையை எடுத்துக் காட்டியபோது அவர் சொன்ன விளக்கங்கள்தான். கேட்டால் நம்பும்படி இருக்கும். அவற்றை நம்பி, தங்கள் கேமராவைத்தான் குறை சொல்லிக்கொண்டு எத்தனை பேர் பேசாமல் இருந்துவிட்டார்களோ தெரியவில்லை.

நான் காரைக்குடியில் இருக்கிறேன். செட்டிநாட்டு வீடுகளைப் படமெடுப்பது என் தொழிலில் பெரும்பகுதி. பங்காளிகள் பாகம் பிரிக்கும் முன், அல்லது வீட்டை இடிக்கக் கொடுக்கும் முன், ஒரு தூண் விடாமல் எடுத்துத் தரச் சொல்லி அழைப்பார்கள். இந்த வீடுகளின் அமைப்பு அப்படி: முகப்பில் நின்றால் வளவு (நடுமுற்றமும் சுற்றுத் தாழ்வாரமும்), இரண்டாம் கட்டு, அதையும் தாண்டிப் பின்வாசல் கதவு வரை பார்வை ஒரே கோட்டில் ஓடும். இரு புறமும் தூண் வரிசை. இடதும் வலதும் ஒரே தெளிவோடு விழாவிட்டால் அந்தப் படம் எதற்கும் உதவாது. முழு அளவு சென்சாரில் (35 மி.மீ. ஃபிலிம் சட்டத்தின் அளவு) 24 மி.மீ. லென்ஸ் மூலைக்கு மூலை 84 பாகை பார்க்கும். வளவுக்கு அது போதும், தூண்களும் அதிகம் இழுபடாது. முக்காலியில் வைத்து எடுப்பதால் தானியங்கி ஃபோகஸ் எனக்குத் தேவையில்லை. ஒளி நுழையும் துளையை எஃப்/8 அளவுக்குச் சுருக்கி, வளையத்தை 2.4 மீட்டர் குறியில் நிறுத்தினால் 1.2 மீட்டரிலிருந்து கண்ணுக்கெட்டிய தூரம் வரை தெளிவாக விழும். பழைய லென்ஸ்களின் மேல் பொறித்திருக்கும் அந்தத் தூரக் குறிகள் இந்த வேலைக்கு அவ்வளவு பயன்படும்.

வாங்கியது நிக்கான் நிறுவனத்தின் நிக்கார் 24 மி.மீ. எஃப்/2.8, ஏஐ-எஸ் என்ற மேனுவல் வகை. லென்ஸ் வடிவமைப்பின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. 1967-ல் வெளிவந்த இந்த 24 மி.மீ. வரிசையில்தான் நிக்கான் முதன்முதலாக, ஃபோகஸ் வளையத்தைத் திருப்பும்போது உள்ளிருக்கும் கண்ணாடிகளுக்கு இடையேயான தூரமும் சேர்ந்து மாறும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. கிட்டத்தில் எடுக்கும்போது ஓரங்கள் கெடாமல் இருப்பதற்கு அதுதான் காரணம். இதே ஏற்பாடுதான், பிரித்தவர் கவனக்குறைவாகப் பூட்டினாலோ அடாப்டர் அளவு தப்பினாலோ நமக்கு எதிராகத் திரும்பும்.

வாங்கும் முன் கேட்க வேண்டியதை எல்லாம் எழுத்தில் கேட்டேன். பூஞ்சை உண்டா? இல்லை. பிரித்துப் பழுது பார்த்ததா? இல்லவே இல்லை. துளையைச் சுருக்கும் அபர்ச்சர் இதழ்களில் எண்ணெய் படிந்திருக்கிறதா? இல்லை. இந்த அடாப்டரோடு இன்ஃபினிட்டிக்கு, அதாவது மிகத் தொலைவுக்கு, ஃபோகஸ் வருகிறதா? ‘அருமையாக வருகிறது சார், நானே சோதித்தேன்.’ மாதிரிப் படங்களும் அனுப்பினார். எல்லாம் சதுரமாக வெட்டப்பட்டவை. முழுப் படம் கேட்டதற்கு, கோப்பு பெரியது, அனுப்ப முடியாது என்றார்.

பள்ளத்தூரில் ஒரு வீட்டில்தான் குட்டு வெளிப்பட்டது. கேமராவின் சின்னத் திரையில் எல்லாம் நன்றாகத்தான் தெரிந்தது. மடிக்கணினியில் ஏற்றிப் பெரிதாக்கியபோது, இடப்பக்கத் தேக்குத் தூண்களில் மரத்தின் ரேகை வரை எண்ணலாம். வலப்பக்கம் தூணின் தலைப்பில் இருக்கும் பூவேலை கரைந்து கிடந்தது. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த ஆச்சி, “தம்பி, இந்தப் பக்கம் பூவேலையே தெரியவில்லையே? எங்கள் அப்பச்சி பர்மாவிலிருந்து கொண்டுவந்து இழைத்த தூண் அது” என்றார்கள். “வேறு லென்ஸில் எடுத்துத் தருகிறேன் ஆச்சி” என்று சொல்லி, கையிலிருந்த வேறொன்றால் துண்டு துண்டாக எடுத்து முடித்தேன்.

ஒரு பக்கம் மங்குவதற்குக் கேமரா சுவருக்கு நேராக இல்லாததும் காரணமாக இருக்கலாம். அதைக் களைய ஒரு வழி உண்டு. கேமராவைத் தலைகீழாகத் திருப்பி அதே இடத்தை மறுபடி எடுக்க வேண்டும். நின்ற நிலைதான் காரணம் என்றால் மங்கலும் அதே தூணில்தான் இருக்கும். எனக்கு மங்கல் இடப்பக்கத் தூண்களுக்குத் தாவிவிட்டது. ஆகவே கோளாறு லென்ஸிலோ அடாப்டரிலோ இருக்கிறது.

எதில் என்று பிரித்தறிய, ஃபிலிம் காலத்திலிருந்து ஸ்டூடியோ வைத்திருக்கும் ஒரு பெரியவரிடம் போனேன். அவரிடம் நிக்கான் எஃப்எம்2 ஃபிலிம் கேமரா இருக்கிறது. அதில் லென்ஸை அடாப்டர் இல்லாமலே மாட்டி, மொட்டை மாடியிலிருந்து தொலைவில் தெரிந்த செல்பேசிக் கோபுரத்தைப் பார்த்தோம். இன்ஃபினிட்டி குறியில் கச்சிதமாக நின்றது. அதே லென்ஸ், விற்றவர் கொடுத்த அடாப்டரோடு என் சோனி ஏ7-ல் மாட்டியபோது 3 மீட்டர் குறிக்குச் சற்று முன்பே கோபுரம் தெளிந்துவிட்டது. அதற்கு மேல் திருப்பினால் மங்கியது. அவர் சொன்ன ‘இன்ஃபினிட்டி வருகிறது’ என்பதன் பொருள் இதுதான். வரும், வர வேண்டிய இடத்தில் வராது.

இதன் கணக்கைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் ஏமாற்று நடப்பது இங்கேதான். நிக்கான் எஃப் மவுன்ட்டில் (மவுன்ட் என்பது லென்ஸும் கேமராவும் பூட்டிக்கொள்ளும் இடம்) லென்ஸின் விளிம்பிலிருந்து ஃபிலிம் வரை 46.5 மி.மீ. இருக்க வேண்டும். சோனி இ மவுன்ட்டில் சென்சார் வரை 18 மி.மீ. மீதி 28.5 மி.மீட்டரை அடாப்டர் நிரப்ப வேண்டும். தடிமன் கூடிவிட்டால் தொலைவில் இருப்பது தெளியவே தெளியாது, வாங்கியவர் உடனே திருப்பி அனுப்பிவிடுவார். அதனால் மலிவான அடாப்டர்களைச் சற்று மெலிதாகவே கடைந்துவிடுகிறார்கள். 50 மி.மீ. லென்ஸில் இது பெரிதாகத் தெரியாது. 24 மி.மீ. லென்ஸிலோ, 0.2 மி.மீ. குறைந்தால் 3 மீட்டர் குறியிலேயே இன்ஃபினிட்டி வந்துவிடும். பிறகு தூரக் குறிகளை நம்பி எடுக்க முடியாது. 2.4 மீட்டர் என்று வைத்தால் உண்மையில் பதினைந்து மீட்டர் பக்கம் ஃபோகஸ் போய் நிற்கும். கிட்டத்துத் தூண் மங்கிவிடும். உள்ளே நகரும் கண்ணாடிகளும் தவறான இடத்தில் நிற்பதால் ஓரத் தெளிவும் சேர்ந்து குறையும்.

அடாப்டரை லேத் பட்டறைக்குக் கொண்டுபோய் வெர்னியர் காலிபரில் அளந்தோம். ஒரு விளிம்பில் 28.38, எதிர் விளிம்பில் 28.20. ஒரு கால் குட்டையான முக்காலி மாதிரி, லென்ஸ் சாய்ந்தே உட்கார்ந்திருந்தது. ஒரு பக்கம் மங்கியதற்குப் பாதிக் காரணம் கிடைத்தது.

மீதி லென்ஸுக்குள் இருந்தது. பெரியவரின் நல்ல அடாப்டரில் மாட்டியும், துளையைச் சுருக்காமல் முழுத் துளையில் (எஃப்/2.8) எடுத்தபோது வலப்பக்கம் தேறவில்லை. அவர் உருப்பெருக்கியை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தார். மவுன்ட்டின் திருகாணிகளில் ஒன்று மட்டும் நிறம் வேறு. மற்றவற்றின் தலைகள் தேய்ந்திருந்தன. பின்கண்ணாடியைப் பிடித்திருக்கும் கறுப்பு வளையத்தின் வெட்டுகளில் சாவி வழுக்கிய கீறல், உள்ளிருக்கும் உலோகம் பளிச்சென்று தெரிந்தது. பின்னாலிருந்து டார்ச் அடித்துப் பார்த்தால் உட்கண்ணாடி ஒன்றின் விளிம்பில் நூல் நூலாகத் தடம். “பூஞ்சை தின்ற தடம் தம்பி இது. துடைத்திருக்கிறார்கள், கோட்டிங் போனது போனதுதான். கண்ணாடியைத் திரும்ப வைக்கும்போது மையம் தப்பிவிட்டது” என்றார். இந்தப் படங்களையும் அளவுகளையும் சேர்த்து விற்றவருக்கு அனுப்பினேன்.

முதல் பதில்: ‘டிஜிட்டல் சென்சாருக்குப் பழைய லென்ஸ் ஒத்துவராது சார்.’ இது எங்கேயோ கேட்ட உண்மையைத் தப்பான இடத்தில் பயன்படுத்துவது. லென்ஸுக்குப் பின்னால் ஆடி இல்லாத ரேஞ்ச்ஃபைண்டர் கேமராக்களுக்குச் செய்த அகலக்கோண லென்ஸ்களில் பின்கண்ணாடி ஃபிலிமுக்கு மிக நெருக்கத்தில் நிற்கும். ஒளி ஓரங்களில் மிகவும் சாய்ந்து விழும். சென்சாரின் மேல் இருக்கும் கண்ணாடித் தகடு அந்தச் சாய்ந்த ஒளியைக் கெடுத்து ஓரங்களை இழுத்துவிடும் என்பது உண்மை. என்னுடையதுபோல் எஸ்எல்ஆர் கேமராவுக்குச் செய்த லென்ஸில், அதற்கும் ஃபிலிமுக்கும் நடுவே ஆடி எழும்பி இறங்க இடம் விட வேண்டியிருப்பதால், பின்கண்ணாடி தள்ளியே நிற்கும். அந்தச் சிக்கல் மிகக் குறைவு. அப்படியே இருந்தாலும் நான்கு மூலைகளையும் பாதிக்குமே தவிர, ஒரு பக்கத்தை மட்டும் தேர்ந்தெடுத்துப் பாதிக்காது.

இரண்டாவது பதில், அகலக்கோண லென்ஸ் என்றால் ஓரம் அப்படித்தான் இருக்கும் என்பது. இதற்கும் அதே மறுமொழிதான். மூன்றாவது, பழைய பொருளுக்குத் திருப்பி எடுக்கும் வழக்கம் இல்லை என்பது. அதன் பிறகு பதிலே இல்லை.

தேவகோட்டையில் என் சித்தி மகனும் இவரிடமே வாங்கியிருக்கிறான் என்பது பிறகுதான் தெரிந்தது. அவனுடையது முழு அளவைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சார் கேமரா. என்ன கேமரா என்று கேட்டுத் தெரிந்துகொண்டே, எம்42 திருகு மவுன்ட் 28 மி.மீ. லென்ஸை ‘சூப்பர் வைட்’ என்று விற்றிருக்கிறார். ஒன்றரையால் பெருக்கினால் அது 42 மி.மீ. லென்ஸின் பார்வைதான். கல்யாண வீட்டில் மேடை முழுவதையும் எடுக்க வாங்கியவன், சுவரோடு முதுகு ஒட்டி நிற்கிறான். அந்தப் பையனிடமும் இப்படிச் செய்ததை என்னால் மன்னிக்க முடியவில்லை.

வாங்கப் போகிறவர்கள் இவற்றைக் கறாராகக் கேளுங்கள். குன்றக்குடி மலை போலத் தொலைவில் இருக்கும் ஒன்றை, முழுத் துளையில், வெட்டாத முழு அளவுப் படமாக அனுப்பச் சொல்லுங்கள். அதே காட்சியைக் கேமராவைத் தலைகீழாக்கியும் எடுக்கச் சொல்லுங்கள். எஃப்/8-ல் எடுத்த படத்தைச் சான்றாக ஏற்காதீர்கள். துளையைச் சுருக்கினால் பல குறைகள் மறைந்துவிடும். இன்ஃபினிட்டியில் ஃபோகஸ் நிற்கும்போது வளையத்தின் குறி எங்கே இருக்கிறது என்று காட்டும் படம் வேண்டும். மவுன்ட்டின் திருகாணிகளையும் பின் வளையத்தையும் கிட்டத்தில் எடுத்த படம் வேண்டும். டார்ச் வெளிச்சம் பின்னாலிருந்து வர வேண்டும். முன்னாலிருந்து அடித்தால் பூஞ்சை தெரியாமல் போகலாம். லென்ஸோடு வரும் அடாப்டரை நம்ப வேண்டாம். தனியாக நல்லதாக வாங்கி, லேத் பட்டறையில் நான்கு இடங்களில் அளந்துவிடுங்கள். நேரில் பார்த்து வாங்க முடிந்தால் பஸ் செலவைப் பார்க்காமல் போய்வாருங்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிவு செய்திருக்கிறேன். உரையாடல், பணம் செலுத்திய ரசீது, காலிபர் அளவின் படங்கள் எல்லாம் கையில் இருக்கின்றன. இவரிடம் ஏமாந்தவர்கள் உரையாடலை அழித்துவிடாமல் நீங்களும் பதிவு செய்யுங்கள்; ஒரே ஆள் மேல் பல புகார் சேர்ந்தால் ‘எனக்கு ஒன்றும் தெரியாது’ என்று அவர் கைவிரிப்பது கடினமாகும்.

அவர் பெயரை இங்கே எழுதவில்லை, புகாரில் இருக்கிறது. அவருடைய விளம்பரங்களை அடையாளம் காண்பது கடினமில்லை: மாதிரிப் படம் எல்லாம் சதுரம், பின்பக்கம் காட்டும் படம் ஒன்றுகூட இராது, எந்த லென்ஸாக இருந்தாலும் அதோடு ஓர் அடாப்டரைச் சேர்த்தே விற்பார். முழுப் படம் கேளுங்கள். ‘கோப்பு பெரியது’ என்று பதில் வந்தால் முன்பணம் அனுப்பாதீர்கள்.