பில்லில் இருந்த பூட்டுப் படமும் திறந்து கிடந்த தளமும்

அந்த அம்மாள் அழைத்தபோது நான் சரக்கு எண்ணிக்கொண்டிருந்தேன். “கூகுளில் உங்கள் கடையைத் தேடித் தட்டினால் சூதாட்டப் பக்கம் திறக்கிறது” என்றார். தையல் இயந்திர உதிரிபாகம் விற்கும் தளத்தில் சூதாட்டமா? உடனே என் போனில் முகவரியை அடித்துப் பார்த்தேன். ஒழுங்காகத் திறந்தது. தளத்தைப் பராமரிக்க ஆண்டுக் கட்டணம் வாங்கும் நிறுவனத்திடம் சொன்னேன். பத்து நிமிடத்தில் பதில் வந்தது: “தளத்தில் கோளாறு எதுவும் இல்லை. அவருடைய போனில் வைரஸ் இருக்கும்.” அதையே நான் அந்த அம்மாளிடம் ஒப்பித்தேன், போனைச் சுத்தம் செய்துவிடுங்கள் என்ற அறிவுரையையும் சேர்த்து.

அவர் பார்த்ததும் உண்மை, நான் பார்த்ததும் உண்மை. எங்கள் தளத்துக்குள் யாரோ ஒரு தீநிரலை நுழைத்திருந்தார்கள். இந்த வகைத் தீநிரல் ஆள் பார்த்து வேலை செய்யும். தேடல் முடிவின் வழியாகக் கைப்பேசியில் வருபவரை மட்டும் வேறு தளத்துக்குத் தள்ளிவிடும். முகவரியை நேராக அடித்து வருபவரையும் அட்மினாக உள்நுழைந்திருப்பவரையும் தொடாது. உரிமையாளர் தன் தளத்தை எந்த வழியாக வந்து பார்ப்பார் என்று அதை எழுதியவனுக்குத் தெரியும். இது எனக்குத் தெரியாமல் இருந்ததில் வியப்பில்லை. தொழிலாகவே செய்பவர்களுக்குத் தெரியாதா?

அடுத்து, நாங்கள் அனுப்பும் மின்னஞ்சல்கள் வாடிக்கையாளர்களின் ஸ்பேம் பெட்டிக்குப் போகத் தொடங்கின. தளம் மந்தமானது. மூன்றாவது முறை நான் சத்தம் போட்டபிறகு நிறுவனம் ஒரு ‘முழுப் பாதுகாப்புத் திட்டத்தை’ நீட்டியது. பில்லின் தலையில் பச்சை நிறப் பூட்டுப் படம். பணத்தைக் கட்டினேன். அவர்கள் செய்தது ஒன்றே ஒன்று: எஸ்எஸ்எல் சான்றிதழ் நிறுவியது. குரோம் உலாவி 2018 ஜூலை முதல் சான்றிதழ் இல்லாத தளங்களுக்கெல்லாம் ‘பாதுகாப்பற்றது’ என்று முத்திரை குத்திவருகிறது. அந்த முத்திரை போனதும் நானும் நிம்மதியாகத் தூங்கினேன்.

அந்தச் சான்றிதழ் காப்பது வழியை மட்டும்தான். வாடிக்கையாளரின் உலாவிக்கும் தளம் குடியிருக்கும் கணினியான சர்வருக்கும் இடையே போகும் தகவலை யாரும் ஒட்டுக்கேட்க முடியாது. ஆனால் சர்வருக்குள்ளேயே திருடன் குடியிருந்தால் அது என்ன செய்யும்? சான்றிதழ் இருந்தால் உலாவியில் முகவரிக்குப் பக்கத்தில் தெரிந்த பூட்டின் பொருளைச் சரியாகப் புரிந்துகொண்டவர்கள் 11 சதவீதம் பேர்தான் என்று கூகுளின் 2021 ஆய்வே சொன்னது. 2023 செப்டம்பரில் குரோமிலிருந்து அந்தப் படத்தையே எடுத்துவிட்டார்கள். மேலும், லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு இந்தச் சான்றிதழைப் பல ஆண்டுகளாக இலவசமாகவே தருகிறது. நான் கட்டிய தொகையை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது.

உண்மை வெளிப்பட்டது தற்செயலாக. தேடல் பெட்டியில் ‘சைட்’ என்ற ஆங்கிலச் சொல், ஒரு முக்காற்புள்ளி, அதை ஒட்டி இடைவெளி இல்லாமல் தளத்தின் முகவரி: இப்படி அடித்தால் கூகுள் அந்தத் தளத்தில் பார்த்துவைத்திருக்கும் பக்கங்கள் வரும் என்று நண்பர் ஒருவர் சொல்லிக்கொடுத்தார். எங்களிடம் இருந்தவை 46 பக்கங்கள். திரையில் பல்லாயிரம் என்று வந்தது, எல்லாம் ஜப்பானிய எழுத்தில், கைப்பைகளும் கைக்கடிகாரங்களும். தட்டினால் ‘பக்கம் இல்லை’ என்று நடிக்கும். தேடலுக்காகப் பக்கங்களைத் திரட்டும் கூகுளின் நிரல் வந்தால் மட்டும் கடை விரிக்கும்.

புதிதாக ஒரு தொழில்நுட்பரை அழைத்தேன். நாங்கள் விற்கும் பாபின், ஊசி ஆகியவற்றின் படங்கள் அடுக்கியிருந்த கோப்புறையைத் திறந்தவர் சிரித்தார். ஜேபெக் படங்களின் நடுவே பிஹெச்பி கோப்பு ஒன்று, அதாவது சர்வரில் ஓடக்கூடிய நிரல், உட்கார்ந்திருந்தது. படக் கோப்புறையில் அதற்கு வேலையே கிடையாதாம். தளத்தை நடத்தும் மென்பொருளான வேர்ட்பிரஸின் பயனர் பட்டியலில் நாங்கள் சேர்க்காத அட்மின் ஒருவர். தள உரிமையாளர்களுக்குக் கூகுள் தரும் கருவியான சர்ச் கன்சோலில் எங்கள் தளத்துக்கு இன்னொரு ‘உரிமையாளர்’, யாரென்றே தெரியாத ஜிமெயில் முகவரி. சர்வரில் பிஹெச்பி மொழியின் பழைய பதிப்பான 7.4 ஓடிக்கொண்டிருந்தது, அதற்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2022 நவம்பரிலேயே நின்றுவிட்டன.

இதையெல்லாம் அலட்சியம் என்று விட்டுவிடலாம். அடுத்தது மோசடி. உரிமக் கட்டணம் என்று என்னிடம் வசூலித்துவிட்டு, அந்தப் பராமரிப்பு நிறுவனத்தார் போட்டிருந்த பிளகின் (வேர்ட்பிரஸில் சேர்க்கும் துணை மென்பொருள்) திருட்டுப் பிரதி. அதற்கு அப்டேட் வராது. ரகசியமாக நுழையப் பின்வாசல் வைத்தே பலர் இத்தகைய பிரதிகளை இலவசமாக உலவவிடுகிறார்கள். தளத்துக்கு சர்வரில் இடம் வாடகைக்கு எடுக்கும் ஹோஸ்டிங் கணக்கு ஒன்றிலேயே வேறு வாடிக்கையாளர்களின் தளங்களையும் திணித்திருந்தார்கள், ஒன்றில் நுழைந்தவன் எல்லாவற்றிலும் நடமாடும்படி. கணக்கும் அவர்கள் பெயரில். ஹோஸ்டிங் நிறுவனம் ஸ்பேம் குறித்து அனுப்பிய எச்சரிக்கைகளெல்லாம் அவர்களுக்கே போய், அங்கேயே புதைந்துவிட்டன. பேக்கப் இருந்தது, ஆனால் அதே சர்வரில், கடைசி 30 நாள்களுக்கு மட்டும். கிருமி அதற்கும் மூத்தது.

எங்களிடம் கார்டு விவரம் எதுவும் சேமிப்பில் இல்லையே என்று ஆறுதல் தேடினேன். தொழில்நுட்பர் தலையசைக்கவில்லை. 2018-ல் பிரிட்டிஷ் ஏர்வேஸ் தளத்தில் பணம் கட்டும் பக்கத்தில் நுழைக்கப்பட்டது வெறும் 22 வரி நிரல்; வாடிக்கையாளர்கள் தட்டச்சு செய்த எண்களை அப்படியே வெளியே அனுப்பியது. அந்த நிறுவனம் 2 கோடி பவுண்டு அபராதம் கட்டியது. சேமிக்காவிட்டாலும், தட்டச்சு செய்யும்போதே களவு போகும்.

அந்த நிறுவனத்திடமிருந்து விலக நினைத்தபோதுதான் டொமைனும், அதாவது தளத்தின் முகவரிப் பெயரும், அவர்கள் பெயரில் பதிவாகியிருப்பது தெரிந்தது. டொமைனை வேறிடத்துக்கு மாற்றத் தேவையான குறியீட்டைப் பெற 19 நாள்கள் கெஞ்சினேன். நீங்களும் இன்றே பார்த்துவிடுங்கள்: டொமைன், ஹோஸ்டிங் கணக்கு, சர்ச் கன்சோல் ஆகியவை யார் மின்னஞ்சலில் இருக்கின்றன? உங்களுடையதில் இல்லையென்றால் சண்டை போட்டாவது வாங்குங்கள். பராமரிப்பாளரிடம் பேக்கப்பை வேறோர் இடத்தில் மீட்டுக் காட்டச் சொல்லுங்கள். சான்றிதழைப் பற்றி அவர் பேச ஆரம்பித்தால் எழுந்துவிடுங்கள். வாடிக்கையாளர் ஒருவர் விநோதமாக ஏதாவது சொன்னால், அவர் வந்த வழியிலேயே, அதாவது தேடல் வழியாக, மொபைல் டேட்டாவில், உள்நுழையாமல் போய்ப் பாருங்கள்.

சுத்தம் செய்து, எல்லாக் கடவுச்சொற்களையும் மாற்றி முடித்தபின் அந்த அம்மாளை அழைத்து மன்னிப்புக் கேட்டேன். அவர் என் பேச்சை நம்பி, அன்று மாலையே போனை முழுவதுமாக அழித்திருக்கிறார். பேத்தியின் முதல் பிறந்தநாள் படங்கள் அதில் இருந்தனவாம்.