நெரிசலில் மட்டும் சூடேறும் கார்: அழகியமண்டபம் ஒர்க்‌ஷாப் ஒன்றின் சேவை குறித்து

தக்கலையிலிருந்து மார்த்தாண்டம் செல்லும் தேசிய நெடுஞ்சாலையில், அழகியமண்டபத்தை ஒட்டி இயங்கும் ஒரு சிறிய கார் ஒர்க்‌ஷாப்பின் வேலையைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன். என்ஜின் சூடாகிறது என்று சொல்லிக் காரைக் கொண்டுபோனால், உடனே ஏதாவது ஒரு பாகத்தைக் கழற்றி மாற்றுவதுதான் பல இடங்களில் வழக்கம். இவர்கள் காரணத்தைக் கண்டுபிடித்து, அதை நம் கண்ணெதிரே காட்டிய பிறகே ஸ்பேனரைக் கையில் எடுக்கிறார்கள்.

என்னுடையது பத்து ஆண்டு பழைய பெட்ரோல் ஹேட்ச்பேக். ஆரல்வாய்மொழி வழியாகத் திருநெல்வேலி நான்குவழிச் சாலையில் ஏசி போட்டு 80 கிலோமீட்டர் வேகத்தில் சென்றாலும் வெப்பமானி முள் இருந்த இடத்தை விட்டு அசையாது. அதே கார் வடசேரியிலோ மார்த்தாண்டம் சந்தைப் பகுதியிலோ ஊர்ந்து செல்லும்போது ஏசியின் குளிர்ச்சி முதலில் குறையும், பிறகு முள் மளமளவென்று மேலே ஏறும். இதற்கு முன் காட்டிய வேறோர் இடத்தில், என்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்ட்டையும், அந்தத் திரவம் ஆறும் ரேடியேட்டருக்குப் போகும் வழியைச் சூட்டுக்கேற்பத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டையும் மாற்றினார்கள். அதற்கும் குறை தீராததால், புது ரேடியேட்டர் போடுங்கள், இல்லையென்றால் தெர்மோஸ்டாட்டையே எடுத்துவிடலாம் என்றார்கள்.

அழகியமண்டபத்தில் பானட்டைத் திறப்பதற்கு முன்பே மெக்கானிக் கேட்டது ஒரே கேள்விதான்: "ஓடும்போது சூடாகுதா சார், நிக்கும்போது சூடாகுதா?" பாதிச் சிக்கல் இந்தக் கேள்வியிலேயே அவிழ்ந்துவிடுகிறது. கார் வேகமாக ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்விக்கிறது. நிற்கும்போதும் ஊரும்போதும் அந்த வேலை முழுவதும் மின்விசிறியின் தலையில் விழுகிறது. ரேடியேட்டர் உள்ளே அடைத்திருந்தாலோ, கூலண்ட்டைச் சுற்றவிடும் வாட்டர் பம்ப் தேய்ந்திருந்தாலோ, என்ஜின் கடுமையாக உழைக்கும் நெடுஞ்சாலையிலும் ஏற்றத்திலும் பெரும்பாலும் சூடு காட்டியிருக்கும். ஆகவே புது ரேடியேட்டர் பேச்சை அவர் அப்போதைக்கு ஒதுக்கி வைத்தார். தெர்மோஸ்டாட்டைக் கழற்றுவதை அடியோடு மறுத்தார். அதை எடுத்துவிட்டால் என்ஜின் உரிய வெப்பத்தை எட்டவே நேரமாகும், காரின் கணினி கூடுதல் பெட்ரோலைத் தெளிக்கும், மைலேஜ் குறையும், தேய்மானம் கூடும் என்று அவர் சொன்ன ஒவ்வொன்றும் சரியானது. நம் ஊர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் தேவையில்லை என்று சொல்லும் எவரிடமும் காரை ஒப்படைக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

ஆறிய என்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து, கைப்பம்பு போன்ற கருவியால் அழுத்தம் ஏற்றிப் பார்த்தார்கள், எங்கும் கசிவில்லை. பிறகு காரின் கணினியிலிருந்து வெப்ப அளவைப் படித்துக் காட்டும் ஸ்கேனரை மாட்டி, ஏசியைப் போட்டு, என்ஜினை நின்ற நிலையிலேயே ஓடவிட்டார்கள். டேஷ்போர்டு முள்ளை மட்டும் நம்பாமல் ஸ்கேனரில் பார்ப்பது முக்கியம். பல கார்களில் அந்த முள் அகலமான வெப்ப வரம்பு முழுவதும் நடுவிலேயே நிற்கும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. அது நகரத் தொடங்கும்போது நிலைமை ஏற்கெனவே முற்றியிருக்கும். திரையில் வெப்பம் 95 டிகிரியைத் தாண்டியதும் விசிறி சுழலத் தொடங்கியது, ஆனாலும் எண் இறங்கவில்லை. 100, 104, 107 என்று ஏறிக்கொண்டே போனதும் என்ஜினை அணைத்துவிட்டார்கள்.

முந்தைய இடத்தில் கோட்டை விட்டது இங்கேதான் என்று நினைக்கிறேன். விசிறி சுற்றுகிறது என்பதைப் பார்த்துவிட்டு அதோடு நிறுத்திக்கொண்டார்கள். எவ்வளவு வேகத்தில் சுற்றுகிறது என்று பார்க்கவில்லை. அழகியமண்டபத்தில் விசிறியின் இணைப்பைப் பிரித்து, பேட்டரியிலிருந்து இரண்டு வயர்களை நேராகக் கொடுத்தபோது அது இரைந்துகொண்டு சுழன்றது. மோட்டார் நன்றாக இருக்கிறது, அதற்கு வரும் மின்சாரம்தான் போதவில்லை என்பது அந்த ஒரு சோதனையில் தெளிவாகிவிட்டது. இணைப்பைப் பழையபடி மாட்டி விசிறியை ஓடவிட்டு, அதன் எர்த் வயருக்கும் (மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் வயர்) பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் இடையே, வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரை வைத்தார். ஒரு வோல்ட்டில் ஐந்தில் ஒரு பங்குகூட இருக்கக் கூடாத இடத்தில் 3 வோல்ட்டுக்கும் மேல் காட்டியது; அவ்வளவும் திரும்பும் வழியிலேயே வீணாகிறது என்று பொருள்.

பேட்டரித் தட்டைத் தூக்கியபோது காரணம் கண்ணுக்கே தெரிந்தது. எர்த் வயரின் வளையமுனை முழுவதும் பச்சைத்தூள் பூத்து, அதைப் பாடியோடு பிணைத்திருந்த போல்ட்டின் அடியில் துரு அடை அடையாகப் படிந்திருந்தது. கார் எப்போதும் நிற்பது குளச்சலில், கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில். முட்டம், மணவாளக்குறிச்சி, கன்னியாகுமரி என்று கடலோரத்தில் கார் வைத்திருப்பவர்கள் எல்லோரும் இந்த எர்த் முனைகளை ஆண்டுக்கு ஒருமுறையாவது பார்க்கச் சொல்ல வேண்டும். உப்புக்காற்று வெளியே தெரியும் தகட்டை மட்டுமா அரிக்கிறது?

அத்துடன் அவர்கள் நிறுத்தவில்லை. முன் பம்பரைக் கழற்றி, ஏசி வாயுவின் சூட்டை வெளியேற்றும் கண்டன்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவிலிருந்த இடைவெளியையும் காட்டினார்கள். பூச்சிச் சிறகும் சாலைத்தூசியும் தென்னை நாரும் சேர்ந்து, கம்பளி போர்த்தியதுபோல் ரேடியேட்டரின் கீழ்ப்பாதியை மூடியிருந்தன. முன்பக்கத்திலிருந்து தண்ணீர் பீய்ச்சினால் இந்த அழுக்கு இன்னும் உள்ளேதான் இறங்கும். வாட்டர் சர்வீஸ் கன்னின் வேகத்துக்கு மெல்லிய தகடுகள் மடங்கியும் போகும். இவர்கள் இரண்டையும் பிரித்துவைத்து, பின்னாலிருந்து முன்னோக்கி, சாதாரண ஹோஸால் பொறுமையாகக் கழுவினார்கள். போல்ட் இருந்த இடத்தைப் பளபளவென்று தேய்த்து, புது எர்த் வயர் போட்டு, மேலே கிரீஸ் தடவினார்கள். கடைசியாக, கூலண்ட்டை ஊற்றி, உள்ளே சிக்கிய காற்று முழுவதும் குமிழியாக வெளியேறும்வரை காத்திருந்தார்கள்.

மறுபடியும் அதே சோதனை. வெப்பம் 96-ஐத் தொட்டதும் விசிறி சீறிக்கொண்டு சுழன்றது. 91-க்கு இறங்கியதும் நின்றது. ஏசி ஓடிக்கொண்டிருக்கும்போதும் எண் 96-ஐத் தாண்டவில்லை. அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை மாலை மார்த்தாண்டம் நெரிசலிலும் வெப்பமானி முள் சலனமின்றி நிற்கிறது, ஏசியும் குளிர்கிறது. ஆன செலவு 3,000 ரூபாய்க்கும் குறைவு. புது ரேடியேட்டர் போட்டிருந்தால் அதைவிடப் பல மடங்கு ஆகியிருக்கும், குறையும் அப்படியே இருந்திருக்கும்.

குறைகள் சொல்லாமல் விட முடியாது. இடம் மிகவும் நெருக்கடியானது. காத்திருக்க நிழலில் ஒரு பெஞ்ச் தவிர வேறு வசதியில்லை. மின்வேலை தெரிந்தவர் ஒருவரே என்பதால், அவர் வேறு வண்டியில் இருந்தால் நம் முறை வரும்வரை பொறுத்திருக்க வேண்டும். ரசீதில் வேலைக்கூலியையும் பொருள் விலையையும் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லிக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது; இவ்வளவு ஒழுங்காகச் சோதிப்பவர்கள் ரசீதையும் அதே ஒழுங்கோடு தந்தால் நன்றாக இருக்கும்.

இதே குறையோடு செல்பவர்கள் முந்தைய நாள் மாலையே காரை அங்கே விட்டுவிடுவது நல்லது. அழுத்தச் சோதனைக்காக மூடியைத் திறக்க என்ஜின் முழுவதும் ஆறியிருக்க வேண்டும். காலையில் ஓட்டிச் சென்றால் அது ஆறும்வரை காத்திருப்பதிலேயே பாதிநாள் போய்விடும்.