பி.எம். கிசான்: ஆதாரும் பாஸ்புக்கும் புரோக்கர் கைக்குப் போக வேண்டாம்

பி.எம். கிசான் என்பது சொந்த நிலமுள்ள விவசாயிகளுக்கு மத்திய அரசு வங்கிக் கணக்கில் தவணையாகப் போடும் உதவித்தொகை. “நின்றுபோன தவணையை வாங்கித் தருகிறேன், கமிஷன் மட்டும் கொடுங்க” என்று ஆதார் நகல், பாஸ்புக், செல்போன் மூன்றையும் கேட்டு யாராவது வந்தால் தயவுசெய்து கொடுக்காதீர்கள். இந்த வழியில் ஏமாந்த கிராமங்கள் நம்மிடம் ஏற்கெனவே நிறைய இருக்கின்றன.

2020 ஊரடங்கு நேரத்தில் தமிழ்நாட்டில் என்ன நடந்தது? வேளாண் துறை அலுவலர்களின் யூசர் ஐடி, பாஸ்வேர்டு ஒப்பந்த ஊழியர்கள் வழியாகக் கம்ப்யூட்டர் சென்டர்களுக்கும் புரோக்கர்களுக்கும் போனது. கொரோனா நிவாரணம் என்று சொல்லி, சென்ட் நிலம்கூட இல்லாதவர்களிடம் ஆதாரை வாங்கி இத்திட்டத்தில் விவசாயிகளாகப் பதிந்தார்கள். கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் என்று பல மாவட்டங்களில் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட தகுதியற்ற பெயர்கள் ஏறின; முறைகேடு சுமார் 110 கோடி ரூபாய் என்று அரசே சொன்னது. சி.பி.சி.ஐ.டி. வழக்கு வந்தபின் பணத்தைத் திரும்பப் பிடித்தது யாரிடம்? யார் பெயரில் கணக்கு இருந்ததோ அந்த ஏழைகளிடம். கமிஷன் வாங்கியவன் பெயர் பயனாளிப் பதிவில் இல்லை. இதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

நிஜ விவசாயிக்குத் தவணை (ஆண்டுக்கு 6,000, மூன்று முறை 2,000) நிற்பதற்குப் பெரும்பாலும் மூன்றே காரணங்கள்தான். பி.எம். கிசான் இணையதளத்தில் ‘நோ யுவர் ஸ்டேட்டஸ்’ போய்ப் பதிவு எண்ணைப் போடுங்கள். எண் தெரியாவிட்டால் ஆதாரையோ செல்போன் எண்ணையோ வைத்து அங்கேயே எடுக்கலாம். லேண்ட் சீடிங் (நில ஆவண இணைப்பு), இ-கேஒய்சி (ஆதார் வழி அடையாளச் சரிபார்ப்பு), ஆதார் வங்கிக் கணக்கு சீடிங் (மானியம் விழும் கணக்கோடு ஆதார் இணைப்பு) மூன்றுக்கும் ‘யெஸ்’ இருக்க வேண்டும். லேண்ட் சீடிங் ‘நோ’ என்றால் பட்டா, சிட்டாவோடு வட்டார வேளாண் விரிவாக்க மையத்துக்குப் போங்கள். இ-கேஒய்சியை ஓடிபி வைத்து நீங்களே இலவசமாக முடிக்கலாம்.

மூன்றாவதில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். கணக்கில் ஆதாரைச் சேர்ப்பது வேறு, மானியம் வந்து விழும் கணக்காக அதை இணைப்பது வேறு. தெருமுனையில் கைரேகை வைத்துப் புதுக் கணக்கு திறக்கும்போது ஒப்புதல் கேட்காமலே இணைப்பை அங்கே மாற்றிவிடுவதுண்டு. அப்புறம் ஸ்டேட்டஸில் பணம் போனதாகக் காட்டும், உங்கள் பாஸ்புக்கில் ஏறாது. ஆதார் இணையதளத்தில் ‘பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்’ பார்த்தால் எந்த வங்கி என்று தெரிந்துவிடும். பழைய வங்கியிலேயே எழுதிக் கொடுத்துத் திருப்பிக்கொள்ளலாம்.

வாட்ஸ்அப்பில் பி.எம். கிசான் பெயரில் வரும் ஏபிகே ஃபைலை (போனில் செயலியை ஏற்றும் ஃபைல்) தொடாதீர்கள். தொட்டுப் பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள்.

குத்தகைக்காரர், வருமான வரி கட்டுபவர், மாதம் 10,000 அல்லது அதற்கு மேல் பென்ஷன் வாங்குபவர் (நான்காம் நிலை ஊழியராக இருந்து ஓய்வு பெற்றவர்கள் தவிர) ஆகியோருக்கு இத்திட்டத்தில் இடமில்லை. கணவன் மனைவி இருவர் பெயரிலும் நிலம் இருந்தாலும் ஒருவருக்குத்தான். “எல்லாம் சரி பண்ணிடலாம்” என்று ஒருவர் சொன்னால் பொய்யாகப் பதியப்போகிறார் என்றே அர்த்தம்.

அதே இணையதளத்தில் ‘பெனிஃபிஷியரி லிஸ்ட்’டில் மாநிலம், மாவட்டம், வட்டாரம், கிராமம் வரை தேர்ந்தெடுத்தால் உங்கள் ஊர்ப் பெயர்கள் முழுதும் வரும். அச்செடுத்துக் கிராம சபையில் வாசிக்கச் சொல்லுங்கள். ஊருக்கே தெரியாத பெயர் உட்கார்ந்திருந்தால் அங்கேயே பிடிபடும். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 4(1)(b)(xii)-ன்படி மானியத் திட்டப் பயனாளிகளின் விவரத்தை அலுவலகம் தானாகவே வெளியிட வேண்டும். வெளியிடாவிட்டால் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, அந்தந்த வேளாண் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்குப் பிரிவு 6(1)-ல் மனு போடுங்கள். “எங்கள் கிராமத்தில் பதிவானவர்கள், ஒப்புதல் தந்த அலுவலரின் பதவி, நீக்கப்பட்டவர்கள், நீக்கிய காரணம்” என்று தனித்தனியாகக் கேளுங்கள். பொதுவாகக் கேட்டால் பொதுவாகவே பதில் வரும். 30 நாளில் பதில் இல்லையென்றால் முதல் மேல்முறையீடு.

தகுதியில்லாமல் பணம் ஏறிவிட்டதா? யார் கையிலும் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். இணையதளத்திலேயே ‘ஆன்லைன் ரீஃபண்ட்’ இருக்கிறது. கட்டி, ரசீதை அச்செடுத்து பத்திரமாக வையுங்கள்.